ரோட்டோரத் தூசியில் ஈயம்: கையில் ஒட்டுவதுதான் கணக்கு

நாலு நாள் மழை இல்லாமல் இருந்தால் போதும். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், தார்ச்சாலையும் நடைபாதை விளிம்பும் சேரும் இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் கோடு படிந்திருக்கும். அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள். மணல் முதலில் உதிர்ந்துவிடும். ஊதினால் இன்னும் கொஞ்சம் போகும். ரேகைகளுக்குள் கறுப்பாக ஒரு பூச்சு மட்டும் போகாமல் நிற்கும், வெறும் தண்ணீரில் கழுவினாலும் முழுதாக விடாது. உலோகம் அதிகம் இருப்பது அந்தப் பூச்சில்தான்.

தமிழில் ஈயம் என்று சொன்னாலே ஒரு குழப்பம் உண்டு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இந்தப் பதிவு முழுக்க ஈயம் என்றால் காரீயம், நஞ்சான அந்த மற்றொன்று.

சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998 ஜூலையோடு நின்றது. அதனால் சாலைத் தூசியில் ஈயம் குறைந்தது, தீர்ந்துவிடவில்லை. ஈயம் மக்குவதும் இல்லை, ஆவியாகிப் போவதும் இல்லை. ஓரத்து மண்ணில் பழைய மிச்சம் கிடக்கிறது. சக்கரத்தைச் சமன்செய்ய ரிம்மில் மாட்டும் ஈயத் துண்டுகள் கழன்று விழுந்து, டயர்களுக்கு அடியில் அரைபடுகின்றன. ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் சாயம் அடித்த பழைய இரும்புச் சட்டங்களைச் சுரண்டும்போதும் வருகிறது.

மற்ற உலோகங்களுக்கு ஆளுக்கொரு மூலம். டயர் ரப்பரைப் பதப்படுத்த எடையில் 1 முதல் 2 சதவீதம் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள், ஆகவே சாலைத் தூசியில் துத்தநாகம் மிகுந்திருந்தால் முதலில் டயரைச் சந்தேகிக்கலாம். அதே துத்தநாகத்தோடு கலப்படமாகக் காட்மியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பிரேக் பேடின் கையெழுத்து செம்பு, ஆன்டிமனி, பேரியம் மூன்றும் சேர்ந்தது. ஆன்டிமனி சல்பைடு பிரேக்கில் உராய்வைச் சீராக வைக்கும் பொருள், பேரியம் சல்பேட் நிரப்புப் பொருள். புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியிலிருந்து பிளாட்டினம், பல்லேடியம் நுண்ணளவில் வரும். நிக்கலும் வனேடியமும் கூடுதலாகத் தெரிந்தால் கப்பல் எரிபொருளையும் யோசிக்க வேண்டும். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. காக்கி புக்கிட், சின் மிங் மாதிரி பட்டறைகள் நெருங்கிய இடங்களில் வெல்டிங், கிரைண்டிங் துகள் தனிக் கணக்கு.

எங்கே அதிகம் என்று கேட்டால் பெரும்பாலோர் விரைவுச்சாலையைக் காட்டுவார்கள். ஆனால் சீரான வேகத்தில் ஓடும் வண்டி பிரேக் போடுவதில்லை, அங்கே படிந்ததையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்று நின்று போகும் இடங்களில்தான் குவிகிறது: சிக்னலுக்கு முந்தைய ஐம்பது மீட்டர், பேருந்து நிறுத்த வளைவு, விரைவுச்சாலையை விட்டு இறங்கும் பாதை. யாரும் கவனிக்காத இன்னொரு இடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார்நிறுத்தம். சரிவுப்பாதையில் ஒவ்வொரு வண்டியும் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பித்தான் இறங்குகிறது. மேலே கூரை, மழை கழுவாது. சரிவின் உள்வளைவில் சுவரோரம் இருக்கும் கறுப்புப் பொடியைப் பார்த்தாலே விளங்கும். பிள்ளைகள் அங்கே ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

மின்வண்டிகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு: பிரேக் தூசி குறையும், ஏனென்றால் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே செய்கிறது. டயர் தூசி குறையாது. பேட்டரி எடையால் கூடத்தான் வாய்ப்பு. புகைக்குழாய்க்கு மட்டுமே விதி போட்டுவந்த ஐரோப்பா, யூரோ 7 விதியில் பிரேக் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு சேர்த்திருப்பது இதனால்தான்.

தூசியை எப்படி எடுப்பது

பாலிடெக்னிக், ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவர்கள் இந்தத் தலைப்பை அடிக்கடி எடுக்கிறார்கள். பாதிப் பேருடைய எண்கள் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தூசிக்குச் செல்லாது.

கடைசி மழைக்குப் பிறகு மூன்று முழு நாளாவது காயவிட்டு எடுங்கள். எத்தனை நாள் காய்ந்தது, துப்புரவு வண்டி கடைசியாக எப்போது போனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் தெரியாமல் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவது வீண். விளிம்பிலிருந்து அரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் அளந்து, அந்த ஒரு சதுர மீட்டரைப் பிளாஸ்டிக் தூரிகையால் பிளாஸ்டிக் முறத்தில் கூட்டுங்கள். நாகத்தகடு முறம் துத்தநாகத்தை அதுவே கொடுத்துவிடும். பத்து மீட்டர் இடைவெளியில் இப்படி ஐந்து முறை எடுத்து ஒன்றாகக் கலந்தால் அது ஒரு மாதிரி. மொத்தம் 200 கிராமாவது வேண்டும், ஏனென்றால் சலித்த பிறகு கையில் நிற்பது கொஞ்சம்தான். தூரிகையை இடத்துக்கு இடம் மாற்றுங்கள், அல்லது கழுவிக் காயவையுங்கள். வண்டி ஓடும் சாலையில் இறங்க அனுமதியும் எதிரொளிப்பு உடுப்பும் இல்லாமல் போகவே கூடாது. கார்நிறுத்தமும் நடைபாதை ஓரமும் போதும்.

40 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். அவசரப்பட்டு 105 டிகிரியில் வைத்தால் பாதரசத்தின் ஒரு பகுதி பறந்துவிடும். சலிப்பது நைலான் சல்லடையில். எஃகுச் சல்லடை குரோமியமும் நிக்கலும் சேர்க்கும், அதைப் பார்த்து "தொழிற்சாலை மாசு" என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. எந்தத் துளை என்பது கேள்வியைப் பொறுத்தது. காற்றில் எழும் பகுதியும் வடிகாலில் போவதும் தெரிய வேண்டுமானால் 63 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கையில் ஒட்டி வாய்க்குப் போவது தெரிய வேண்டுமானால் 150 மைக்ரான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஈயத்துக்குச் சொல்லும் அளவு அது. சலிக்காமல் அப்படியே அரைத்து அளந்தால் கருங்கல் மணல் எல்லாவற்றையும் நீர்த்துவிடும், எண் அழகாகக் குறைந்து வரும்.

கரைப்பதற்கு வழக்கமான முறை: 0.5 கிராம் தூசி, 9 மில்லி நைட்ரிக் அமிலம், 3 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், மூடிய மைக்ரோவேவ் கலத்தில் 175 டிகிரி, மொத்தம் பத்து நிமிடம். ஈயம், துத்தநாகம், செம்பு, காட்மியம் நன்றாகவே வெளிவரும். பேரியம் சல்பேட்டும் சில குரோமியத் தாதுக்களும் இதற்கு மசியாது, ஆகவே பேரியம் குறைவாக வந்தால் பிரேக் தூசி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அணுக்களை நிறைப்படி பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்செனிக் வியப்பூட்டும் அளவுக்கு ஏறியிருந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரின் கருவியின் ஆர்கன் வாயுவோடு சேர்ந்து ஆர்செனிக்கின் அதே 75 நிறையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கையடக்க எக்ஸ்ரே கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஆர்செனிக்தான் தொல்லை: ஈயத்தின் ஒரு கோடும் ஆர்செனிக்கின் முக்கியக் கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் விழுகின்றன. அந்தக் கருவி துத்தநாகம், செம்பு, ஈயத்துக்குப் பரவாயில்லை. தெருத்தூசி அளவுக் காட்மியத்துக்கு அதை நம்ப முடியாது.

ஒவ்வொரு தொகுதியிலும் தூசி சேர்க்காத ஒரு வெற்று அமிலம், ஒரே தூசியை இரண்டுமுறை அளக்கும் ஓர் இரட்டை மாதிரி, உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட மேற்கோள் மாதிரி ஒன்று. இந்த மூன்றும் இல்லாத அட்டவணையை நான் படிப்பதே இல்லை.

அடுத்து ஒப்பீடு. இயற்கையாக எவ்வளவு இருந்திருக்கும் என்ற அடிப்படை எண் தேவை. புவியின் மேலோட்டுச் சராசரியாகக் கிலோவுக்கு ஈயம் 17, துத்தநாகம் 67, செம்பு 28 மில்லிகிராம் என்று எடுப்பது வழக்கம். புக்கிட் தீமா கருங்கல்லை அளந்து அதை அடிப்படையாக வைப்பவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் சாலையில் கிடக்கும் ஜல்லியும் மணலும் பெரும்பாலும் இறக்குமதி, கரையோரம் நிறைய நிலம் கடலைத் தூர்த்தெடுத்தது. என் கணிப்பில், ஊருக்குள்ளேயே போக்குவரத்து குறைந்த இடத்தின் தூசியை அதே சல்லடையில் சலித்து வைத்துக்கொள்வது இவற்றையெல்லாம் விட நேர்மையான ஒப்பீடு.

எண் ஒன்றுக்குக் கீழே, ஆனாலும்

இனி உடம்புக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வுகள் ஒரே வாய்ப்பாட்டைப் போட்டு, அபாயக் குறியீடு (உடம்புக்குள் போவதைப் பாதுகாப்பான அளவால் வகுத்தது) 1-க்குக் கீழே, ஆகவே பயமில்லை என்று முடித்துவிடும். அதை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்போம். தூசியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 15 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு நாளில் 200 மில்லிகிராம் தூசி விழுங்குகிறது என்பது வாய்ப்பாட்டின் வழக்கமான அனுமானம். 100 × 0.0002 = 0.02 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 20 மைக்ரோகிராம் ஈயம். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 1.33. பாதுகாப்பான அளவு என்று வாய்ப்பாடு வைத்திருப்பது 3.5. வகுத்தால் 0.38. ஒன்றுக்குக் கீழே. பயமில்லை.

அந்த 3.5 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு வைத்திருந்த, வாரத்துக்குக் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்ற வரம்பை ஏழால் வகுத்தது. அதே குழு 2010-இல் அந்த வரம்பையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அளவிலேயே பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவதைக் கண்டு, ஈயத்துக்குப் பாதுகாப்பான வரம்பு என்று ஒன்றை வைக்க முடியாது என்றது. கட்டுரைகள் மட்டும் பழைய எண்ணை விடவில்லை.

வேறு அளவுகோல் ஒன்றை வைத்துப் பார்த்தால்? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிள்ளைகளின் உணவில் வரும் ஈயத்துக்கு நாளுக்கு 2.2 மைக்ரோகிராம் என்று ஒரு மேற்கோள் அளவு வைத்திருக்கிறது. நம் 20 அதைப் போல ஒன்பது மடங்கு. இதுவும் நியாயமான ஒப்பீடு இல்லை. 200 என்பது உச்ச அனுமானம், சராசரிக்கு 80 மில்லிகிராம் போதும்: 8 மைக்ரோகிராம். மண்ணில் உள்ள ஈயம் உணவில் இருப்பதைப் போல முழுதாகக் கரையாது, 60 சதவீதம் என்று எடுப்பார்கள்: 4.8. பிள்ளை விழுங்கும் தூசியில் எல்லாமே சாலைத் தூசி இல்லை. கால் பங்கு என்றால் 1.2.

ஆக 20-லிருந்து 1.2 வரை வந்துவிட்டோம். இதில் ஈயத்தின் அளவை நாம் மாற்ற முடியாது, கரையும் விகிதத்தையும் முடியாது. வீட்டுத் தரையில் கிடக்கும் தூசியில் எவ்வளவு தெருவிலிருந்து வந்தது என்ற அந்தக் கடைசிப் பங்கு மட்டும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

மூச்சு வழியை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். காற்றில் கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் பிஎம்10 (10 மைக்ரானுக்கு மேற்படாத மிதக்கும் துகள்), அது முழுக்கச் சாலைத் தூசியே என்று வைத்தாலும், நாளுக்கு 7.6 கனமீட்டர் மூச்சிழுக்கும் பிள்ளைக்கு 0.23 மில்லிகிராம் தூசிதான் போகிறது. வாய் வழியாக 80. நுரையீரல் கூடுதலாக ஈர்க்கும் என்பது உண்மை, ஆனால் இத்தனை மடங்கை அது சரிக்கட்டாது. காட்மியம், நிக்கல், ஆறுமதிப்புக் குரோமியம் (குரோமியத்தின் நஞ்சு மிகுந்த வடிவம்) இவற்றுக்கு மட்டும் கணக்கு வேறு, இவை மூச்சு வழியே போனால் நுரையீரல் புற்றுநோய் தருபவை. தூசியில் அளந்த மொத்தக் குரோமியத்தையும் ஆறுமதிப்பு என்று வைத்துப் புற்றுநோய் அபாயம் கணக்கிடுவது இன்னொரு பரவலான தப்பு. சாலைத் தூசியில் பெரும்பகுதி மூன்றுமதிப்பாகவே இருக்கும், அதற்கு அந்தக் குணம் இல்லை. துத்தநாகம் பட்டியலில் முதலிடம் பிடித்தாலும் மனிதருக்கு இந்த அளவில் ஒன்றும் செய்யாது. அதன் தொல்லை தண்ணீரில்.

ஈயம் பிள்ளைகளைக் குறிவைப்பதற்குக் காரணம் குடல். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஈர்த்தால், சின்னப் பிள்ளை பாதி வரை ஈர்க்கும். வெறும் வயிறும், இரும்புச்சத்து, கால்சியம் குறைவும் அதை இன்னும் கூட்டும்.

மழை கழுவினால் எங்கே போகிறது

துப்புரவு வண்டி இலையையும் மணலையும் நன்றாக எடுக்கும், நுண்துகளை அதிகம் விட்டுவிடும். 1972-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், 43 மைக்ரானுக்குக் குறைந்த துகள் தெருத்தூசியின் எடையில் 6 சதவீதம்கூட இல்லை, ஆனால் கன உலோகங்களில் பாதிக்கு மேல் அதில்தான் இருந்தது. கூட்டிய சாலை சுத்தமாகத் தெரிவதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. இலை ஊதும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது எதையும் எடுப்பதில்லை, கீழ்த்தளத்திலிருந்து இரண்டாவது மாடிக்கு அனுப்புகிறது.

மிச்சத்தை மழை எடுத்துக்கொள்கிறது, அதிலும் நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் முதல் சில நிமிடங்கள். இங்கே மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்பு, ஆகவே சிராங்கூன் சாலை ஓரத்துத் தூசி ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. குழாய்த் தண்ணீருக்காகக் கவலைப்பட வேண்டாம். துகளோடு ஒட்டிய உலோகம் அடியில் படியும், மிச்சத்தைச் சுத்திகரிப்பில் வடிகட்டுகிறார்கள். செம்பும் துத்தநாகமும் மீனுக்கும் பாசிக்கும்தான் நஞ்சு. சாலையோரம் செடி நட்டு அமைக்கும் மழைத்தோட்டங்கள் இந்த முதல் தண்ணீரைப் பிடிக்கத்தான். அவற்றில் உலோகம் மேல்மண்ணின் சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிடும், அந்த மேல்மண்ணைச் சுரண்டி மாற்றுவதைத்தான் பராமரிப்பில் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டிலும் வேலையிலும்

செருப்பை வாசலில் விடுவது நம் வழக்கம், பாதி வேலை அங்கேயே முடிந்தது. மிச்சம் பாதி தள்ளுவண்டிச் சக்கரம், ஸ்கூட்டர், தரையில் உருண்ட பள்ளிப்பை. இவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். தென்னந்துடைப்பத்தால் காய்ந்த தரையைப் பெருக்கினால் நுண்துகள் எழுந்து அலமாரியில் உட்காரும். ஈரமாகத் துடையுங்கள், இரண்டு வாளி வைத்து: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலசும் தண்ணீர். ஒரே வாளி என்றால் அறைக்கு அறை அதே அழுக்கைத் தடவுகிறோம். ஜன்னல் விளிம்பு, சறுக்குச் சட்டத்தின் பள்ளம், மின்விசிறி இறக்கை முதலில், தரை கடைசியில். கறுப்பு அதிகம் சேர்வது சாலையைப் பார்த்த ஜன்னல் பள்ளத்தில்.

கைக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், உலோகத்தை அகற்றாது. கறுப்பைக் கை முழுக்கப் பரப்பிவிடும். சாலை பார்த்த தாழ்வாரத்துத் தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருந்தால் மூன்று தண்ணீரில் அலசுங்கள். கீரைக்கும் அப்படியே: வேர் வழியே ஏறும் ஈயத்தை விட இலைமேல் படிந்ததுதான் பெரும்பாலும் அதிகம்.

சாலை வேலையில் இருப்பவர்களுக்கு அளவு வேறு. பழைய தாரைச் சுரண்டி எடுக்கும்போதும், மஞ்சள் கோட்டை அழிக்கும்போதும், விரைவுச்சாலை வடிகாலை வாரும்போதும் தண்ணீர் தெளிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். அறுவை சிகிச்சை முகக்கவசம் இதற்கு உதவாது. என்95 வேண்டும், அதுவும் தாடி இல்லாத முகத்தில் ஓரம் கசியாமல். கான்கிரீட் அறுக்கிறீர்கள் என்றால் உலோகத்தை விட சிலிக்கா என்ற நுண்மணல் தூசிதான் முதல் எதிரி, அதே கவசம் இரண்டுக்கும். பொட்டலச் சாப்பாட்டைப் பிரிக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவத் தண்ணீர் இருக்க வேண்டும், நகத்துக்கு ஒரு தூரிகையும். வேலைச் சட்டையை விடுதியில் படுக்கை மேல் போடாதீர்கள், மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம். பீடி, சிகரெட் பிடிக்கும் முன்னும் கை கழுவுங்கள். புகையிலை காட்மியத்தை அதுவே கொண்டுவருகிறது, அது சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்கும்.

சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் இரத்த ஈயச் சோதனை கேளுங்கள். விரல்நுனியில் குத்தி எடுப்பதை விடக் கைநரம்பில் எடுப்பது நல்லது, ஏனென்றால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தால் மூலத்தைத் தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய ஒரு மாதம், ஆகவே ஒன்றிரண்டு மாதம் கழித்த மறுசோதனையில் மாற்றம் தெரிய வேண்டும். எலும்பில் போனது பல ஆண்டுகள் இருக்கும்.

அப்படி எண் உயர்ந்து வந்தால், தெருவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். கண்ணில் தீட்டும் சுர்மா, ஊரிலிருந்து வந்த பொட்டலக் குங்குமம், சீட்டில்லாத நாட்டு மருந்து, பளபளவென்று இருக்கும் மஞ்சள்தூள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஈயச்சொம்பையும் சேர்த்துத்தான். வெள்ளீயம் என்று வாங்கியதில் காரீயம் கலந்திருந்தால் ரசத்தின் புளிப்பு அதை இழுத்துக்கொள்ளும். சொம்பின் அடியை வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் தாராளமாகவே இருக்கிறது. கோடு விழாவிட்டால் கொஞ்சமாகக் கலந்ததை இந்தச் சோதனை காட்டாது, ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவரை ரசத்தை எவர்சில்வர் பாத்திரத்திலேயே வையுங்கள்.